எடுக்கறதா இருந்தா எது?

என் மாமனாரைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். யாரையும் ஒரு வார்த்தை அதட்டியதில்லை, பெண்டாட்டியை இதைச் செய் அதைச் செய் என்று ஏவியதில்லை, பிள்ளைகளை அவரவர் இஷ்டத்துக்கு விட்டு வளர்த்தவர். பிள்ளையார்பாளையத்தில் இப்படியும் ஒரு ஆம்பிளையா என்று என் மாமியாரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்கள் உண்டு. அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை. எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதும் பிடிக்காது, இப்போது படத்துக்குப் பூ வைக்கும்போதும் பிடிக்காது.

அதட்டியதில்லை என்பது உண்மைதான். அவர் கேட்பார். அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பார். "காபி வெக்கறதா இருந்தா இப்பவே வெக்கிறியாம்மா, இல்ல பேப்பர் வந்தப்புறம் வெக்கிறியா?"

நான் காபி வைப்பேனா மாட்டேனா என்பது அந்தக் கேள்வியில் கிடையாது. எனக்குத் தலைவலியா, இன்றைக்கு அவர் பிள்ளை எழுந்து வைத்தால் என்ன, அதுவும் கிடையாது. இப்பவா, அப்புறமா? "இப்பவே வெக்கிறேன் மாமா" என்பேன். அவசரத்தில் பால் பொங்கிக் கையில் கொட்டிக்கொண்டால், "அவசரமே இல்லியேம்மா, நீதானே இப்பவேன்னு சொன்னே" என்பார். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். அந்தப் பஞ்சைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதையெல்லாம் அவர் பட்டுக்கடையில் கற்றுக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வெள்ளை மெத்தை மேல் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிற வேலை அவருக்கு. மீசை முளைத்த வயதில் அந்த மெத்தையில் ஏறியவர், மீசை நரைத்த பிறகுதான் இறங்கினார். கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்து இறங்கினால் மற்ற சேல்ஸ்மேன்கள் பயப்படுவார்கள். தலைக்குத் தலை ஒரு யோசனை சொல்லுமே. இவர் மட்டும் பயப்பட மாட்டார். கேட்டதையெல்லாம் முகம் கோணாமல் விரிப்பார். மெத்தை நிறைந்து வழிந்ததும் ஒவ்வொன்றாக மடித்து ஓரம் கட்டச் சொல்வார். கடைசியில் இரண்டு புடவை மிஞ்சும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதே அரக்கு, அதே கரை. ஒன்றின் முந்தியில் மயில், மற்றதில் அன்னம். "இது ரெண்டுல எதும்மா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். மொத்தக் குடும்பமும் மயிலா அன்னமா என்று சண்டை பிடிக்க ஆரம்பித்துவிடும். பச்சைப் புடவை எடுக்க வந்தோம் என்பது கல்யாணப் பெண்ணுக்கே மறந்துபோகும்.

அப்படி மறந்துபோன கல்யாணப் பெண்களில் நானும் ஒருத்தி. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து, சம்பந்தி வேலை பார்க்கிற கடையிலேயே எடுத்தால் நமக்கு நல்லதாகக் காட்டுவார் என்று என் அப்பா கூட்டி வந்தார். எனக்கு இலைப்பச்சைதான் ஆசை. முன்னால் கிடந்த இரண்டு அரக்கையும் பார்த்துவிட்டு வேணாம் என்று வாய்விட்டே சொன்னேன். சொன்னேன், அதில் சந்தேகமே இல்லை. அவர் சிரித்தார்.

"வேணாம்னா வேணாம்மா. யாரு கட்டாயப்படுத்தறது? சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எடுக்கறதா இருந்தா, இது ரெண்டுல எதை எடுப்பே?"

பேச்சுக்குத்தானே என்று அன்னத்தைத் தொட்டேன். தொட்ட கையை நான் எடுப்பதற்குள் "மடிங்கப்பா" என்று பக்கத்தில் நின்ற கடைப் பையனிடம் சொல்லிவிட்டார். அரக்குப் புடவை கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். கல்யாண ஆல்பத்தை யார் புரட்டினாலும், "புடவை மருமக செலக்‌ஷன். நான் வாயே தெறக்கல" என்பார் பெருமையாக.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. அது அவருக்கு மட்டும் உண்டானதில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. கடை விளக்கில் பட்டைப் பார்த்து வாங்க மாட்டோம். ட்யூப்லைட் நிறத்தைப் பொய்யாகக் காட்டும். ஆகவே புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் இரண்டு பேர் பிடித்துப் பார்ப்போம். கடைக்காரர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இவர் எதையும் வாசலுக்குக் கொண்டுபோகாமல் விட மாட்டார். கத்தரிக்காயைக் கொண்டுபோவார், சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டைக் கொண்டுபோவார். எனக்குப் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையைத் துணியோடு தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, "மாநிறம்னு சொல்லிக்கலாமா, இல்ல செவப்புல சேத்துக்கலாமா, நீயே சொல்லும்மா" என்றார். தையல் போட்ட வலியோடு படுத்திருந்தேன். அன்றைக்கு எழுந்திருக்க முடிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

இதெல்லாம் எரிச்சல். எரிச்சலோடு ஒரு வீட்டில் காலம் தள்ளலாம். என் வெறுப்பு எரிச்சலால் வந்ததில்லை, பாப்பாவால் வந்தது.

பாப்பா என் நாத்தனார். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் முப்பது தாண்டியும் அவள் பாப்பாதான். நான் மருமகளாக வருவதற்கு முன்பே அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. வீட்டில் சொல்லப்படுகிற கதை இதுதான். ஒரே நேரத்தில் இரண்டு வரன் வந்ததாம். ஒருத்தன் அரக்கோணத்தில் ஹார்டுவேர் கடை, இன்னொருத்தன் ராணிப்பேட்டையில் கம்பெனி சூப்பர்வைசர். இரண்டு போட்டோவையும் மகள் முன்னால் வைத்து, உன் இஷ்டம்மா என்று விட்டுவிட்டாராம் அப்பா. அவளே அரக்கோணத்தைச் சொன்னாளாம். எந்த அப்பன் இந்தக் காலத்திலும் இப்படிக் கேட்கிறான் என்று தெருவே மெச்சியதாம்.

அந்த அரக்கோணத்துக்காரன் கை நீட்டுகிறவன். அவள் அழுதுகொண்டு வந்து நிற்கிறதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். மாமியார் உள்ளே போய்ப் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுவார். இவர் ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு மகளை உட்காரவைப்பார். தண்ணீர் கொடுப்பார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் இன்னாம்மா பண்றது? நீதானே சொன்னே" என்பார். அவள் எழுந்து பையை எடுத்துக்கொள்வாள். சாயங்கால பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

எங்கள் மாடியில் ஒரு பெரிய அறை. வடக்கு பார்த்து இரண்டு ஜன்னல். காலையிலிருந்து பொழுது சாயும் வரை நிழல் விழாத வெளிச்சம் வரும். அங்கேதான் நான் ஆரி வேலை செய்கிறேன். கல்யாணப் பெண்களின் ரவிக்கைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்து வைக்கிற வேலை. பட்டு எடுக்க வருகிறவர்கள் ரவிக்கைக்கும் இங்கேயே கொடுத்துவிட்டுப் போவதால் வேலைக்குப் பஞ்சமே இல்லை. பாப்பா வருகிறபோதெல்லாம் என்னோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். என்னைவிட நறுவிசான கை.

ஒரு நாள் சட்டத்திலிருந்து தலை தூக்காமலே கேட்டாள். "அண்ணி, நான் ஒரேயடியா வந்துட்டா, இந்த ரூம்ல என்னை வெச்சிக்குவீங்களா?"

"வெச்சிக்கறது இன்னா வெச்சிக்கறது? உன் வீடுடி. பகல்ல வேலை செய்யலாம், ராத்திரி இங்கயே பாய் போட்டுக்கோ."

"நைனா?"

"அவரை நான் பாத்துக்கறேன். உனக்கு எப்ப தோணுதோ, பையைத் தூக்கிக்கினு வா."

அவளுக்கு உலகத்தில் போவதற்கு என்று இருந்த ஒரே இடம் அந்த அறைதான். அதை நான் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வேலையிலிருந்து நின்றார்.

நின்ற கையோடு முதலாளி வீட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஹோம் தியேட்டர் பார்த்துவிட்டார். இருட்டு அறை, சுவர் அளவுக்கு டிவி, நாலு மூலையிலும் ஸ்பீக்கர், சாய்ந்து படுக்கிற நாற்காலி. வந்ததிலிருந்து அதே பேச்சு. "இத்தினி வருஷமா நான் எல்லாருக்கும் விரிச்சிக் காட்டினேன். இனிமே எனக்கு யாராச்சும் காட்டட்டும்." கேட்க எனக்கே ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. அவர் மாடிக்கு வந்து என் அறை ஜன்னல்களை முழம் போட்டு அளந்துவிட்டுப் போகிற வரைக்கும் அந்தப் பாவம் இருந்தது.

அறையை அவர் யாரிடமும் கேட்கவே இல்லை. டிவியைத்தான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமியார், நான், என் வீட்டுக்காரர் எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். போகிற வழியிலேயே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மாடி அறையில் என் வேலை இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள் என்று. ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர் அவர், தூக்கக் கலக்கத்தோடு, "நைனா டிவிதானே பாக்கறாரு, ரூமைப் பத்தி எங்க பேசினாரு?" என்றார். அப்பாவின் பிள்ளை.

ஷோரூமில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் எல்லாவற்றையும் காட்டினாள். மாமனார் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் இரண்டு நின்றன. ஒரே கம்பெனி, ஒரே அளவு, பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டபோது எனக்கு எது எது என்றே தெரியவில்லை. "இருட்டு ரூமுக்குன்னா இதைப் பாருங்க சார், கறுப்பு கறுப்பாவே இருக்கும்" என்று ஒன்றைக் காட்டி அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தாள். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடை லைட்ல பாத்து நான் எதையும் எடுக்க மாட்டேன்மா. ரெண்டையும் வாசலுக்குக் கொண்டாங்க."

அந்தப் பெண் சென்னைக்காரி போலிருக்கிறது, முழித்தாள். மேனேஜர் எங்கள் ஊர். முணுமுணுத்துக்கொண்டே ஆள் வைத்துத் தூக்கச் சொன்னார். இரண்டு டிவியும் ஷட்டருக்குக் கீழே ஸ்டூல் மேல் நின்றன. வயர் உள்ளேயிருந்து நீண்டு வந்தது. பத்து மணி வெயில். ரோட்டில் போன ஷேர் ஆட்டோ ஓரம் கட்டி வேடிக்கை பார்த்தது. இருட்டறைக்கு என்று அந்தப் பெண் சொன்ன டிவியில் படமே தெரியவில்லை. கண்ணாடி மாதிரி எதிர் டீக்கடையும் எங்கள் முகங்களும்தான் தெரிந்தன. மற்றது மட்டும் வெயிலுக்கு ஈடு கொடுத்துப் பளிச்சென்று ஓடியது. அவர் குனிந்து, நிமிர்ந்து, ஓரமாகப் போய்ப் பார்த்தார். அவருடைய முகத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. ஆனால் சொல்ல மாட்டாரே.

"சொல்லும்மா" என்றார் என்னைப் பார்த்து. "எது?"

"வேணாம் மாமா" என்றேன். "அந்த ரூம்ல நான் வேலை செய்யறேன். பாப்பாவும் வந்து செய்யறா. இன்னா வந்தாலும் அந்த ரூம் எங்களுக்கு வேணும்." ரோட்டில் வைத்துச் சத்தமாகவே சொன்னேன். மாமியார் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவர் கோபப்படவே இல்லை. "வேணாம்னா வேணாம்மா. இப்ப யாரு வாங்கச் சொன்னது? வந்ததுக்கு ஒரு அபிப்பிராயம். எடுக்கறதா இருந்தா, எது?"

எனக்குத் தெரியும். இந்த வாக்கியத்தில் ஒரு தடவை விழுந்து அரக்குப் புடவை கட்டினவள் நான். வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். டிவியைத் தூக்கி வந்தவர்கள் காத்திருந்தார்கள், அந்தப் பெண் காத்திருந்தாள், ஷேர் ஆட்டோவும் காத்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. "சும்மா ஒண்ணைச் சொல்லேன், எல்லாரும் பாக்கறாங்க" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். எப்படியாவது அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று ஆகிவிட்டது. "படம் தெரியறது இதுலதான்" என்றேன். அபிப்பிராயமாகத்தான் சொன்னேன். "மருமகளே சொல்லிட்டா, பில்லைப் போடுங்க" என்றார்.

மறுநாளே என் சட்டங்கள் மொட்டை மாடிக்குப் போயின. தார்ப்பாய் போட்டு மூடினார்கள். இரண்டு ஜன்னலுக்கும் கறுப்புத் துணியை ஆணி வைத்து அடித்தார்கள். நாற்காலி வந்தது, ஸ்பீக்கர் வந்தது. நான் கூடத்து ட்யூப்லைட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜரிகை கோத்தேன். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "டிவி மருமக செலக்‌ஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பாவுக்குப் போன் செய்தேன், அவன்தான் எடுத்தான். வைத்துவிட்டேன்.

டிவி வந்த அந்த வாரமே அவருக்குத் தூக்கம் போயிற்று. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, படம் போட்டால் இருட்டு இருட்டாக இல்லை. கறுப்புக் கோட்டு, கறுப்பு முடி எல்லாம் சாம்பல் பூத்துத் தெரிந்தது. அரக்கிலேயே எத்தனை அரக்கு உண்டு என்று கல்யாண வீட்டாருக்குக் காட்டிச் சம்பாதித்த கண் அது. அதனால் தாங்க முடியவில்லை. கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். மத்தியானம். நான் காபி கொண்டுபோனேன்.

"டிவியில ஒண்ணும் கோளாறு இல்ல சார்" என்றார் மெக்கானிக். "இது வெளிச்சமான ஹாலுக்குப் போடற மாடல். இருட்டு ரூமுக்கு அந்த இன்னொண்ணுதான் போடணும். ஷோரூம்ல சொல்லலியா?"

மெக்கானிக் இறங்கிப் போனதும் மாமனார் என் பக்கம் திரும்பினார். அப்புறம் அந்தப் பஞ்சுக் குரலில் சொன்னார். "பரவால்லம்மா. தப்பு யாருக்கும் நடக்கறதுதான். நீதானே சொன்னே."

"என்னையும் இப்படித்தானே நைனா சொன்னே?"

வாசலில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பை. கீழுதடு வீங்கியிருந்தது. மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அறையைச் சுற்றிலும் பார்த்தாள். சட்டங்கள் இருந்த இடத்தில் நாற்காலி, ஜன்னல் இருந்த இடத்தில் கறுப்புத் துணி. அவள் பார்த்த அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது.

"நான் ரெண்டு பேருமே வேணாம்னுதான் சொன்னேன். பி.காம். முடிக்கணும்னு சொன்னேன். சொன்னேனா இல்லியா?" அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "வேணாம்னா வேணாம்மா, கட்டிக்கறதா இருந்தா யாரைக் கட்டிக்குவே, சும்மா பேச்சுக்குச் சொல்லுன்னு கேட்டே. அந்தப் போட்டோவுல சட்டை நல்லாருந்துதுன்னு ஒண்ணைக் காட்டினேன். சட்டையை நைனா!"

மாமனார் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னலுக்குப் போய் அந்தக் கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. இரண்டாவதையும் கிழித்தேன். அறை முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. அவர் டிவிப் பக்கம் திரும்பினார். "இப்ப பாரேன், படம் நல்லாருக்குது" என்றார். மகள் உதடு வீங்கி நிற்கிறாள். அவர் அப்படிச் சொன்னார். நான் அவரை அடிக்காமல் விட்டதற்கு என் வயிற்றில் பிறந்தது பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

"நான் திரும்பிப் போவ மாட்டேன்" என்றாள் பாப்பா. பையைக் கீழே வைத்தாள். "இந்த ரூம்ல அண்ணிகூட இருந்து வேலை செய்யப் போறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் மெத்தையில் உட்காரும் விதம் எனக்குத் தெரியும். முதுகு நேரானது, கை இரண்டும் கட்டிக்கொண்டன, முகத்தில் அந்தக் கனிவு வந்தது.

"போவ வேணாம்னா போவாதேம்மா. உன் வீடு இது, யாரு போவச் சொன்னது? அழுவாதே. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். போறதா இருந்தா, நாளைக்கே போவியா, இல்ல வெள்ளிக்கிழமை கழிச்சிப் போவியா?"

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவள். அவள் நெற்றி சுருங்கியதைப் பார்த்தேன். நாளைக்கா, வெள்ளிக்கிழமை கழித்தா என்று யோசிக்கிறாள். உதடு பிரிந்தது.

நான் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன். வீங்கின உதடு என் உள்ளங்கையில் சுட்டது. வலித்திருக்கும், அவள் திமிறினாள், நான் விடவில்லை. மாமனார் கையைக் கட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் கனிவாகப் பார்த்தபடி காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். நான் கையை எடுக்கவில்லை.